பாட்டின் அடிக்குறிப்பு: பெண்ணாடம் கேட்ட வானொலி

சென்ற பருவத்தில் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தோம். பாட்டின் இறுதியில் திணை இன்னது, துறை இன்னது, இன்னாரை இன்னார் பாடியது என்று ஓர் அடிக்குறிப்பு வருமல்லவா? "பாட்டு இருக்கும்போது இந்தக் குறிப்பு எதற்கு ஐயா?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். விடை சொல்லாமல், காலையில் பேருந்தில் வரும்போது கேட்ட திரைப்பாடல் ஒன்றைச் சொல்லுமாறு வகுப்பைக் கேட்டோம். சொன்னார்கள், இருவர் பாடியும் காட்டினார்கள். நடிகர் யார் என்று வகுப்பே ஒரே குரலில் கூவிற்று. இசையமைத்தவர் பெயரைப் பாதிப்பேர் சொன்னார்கள். எழுதியவர் யார் என்று கேட்டோம். வகுப்பு அமைதியாயிற்று. அதுவும் தமிழ் இலக்கிய வகுப்பு!

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டை இறக்கினோம். நம் தந்தையார் வைத்திருந்தது. பக்கத்தைக் கோடு கிழித்து ஐந்து பத்தியாகப் பிரித்திருப்பார்: பாட்டின் முதலடி, படம், இசை, கவிஞர், பாடியவர். ஓரத்தில் எந்த நிலையத்தில் கேட்டது என்பதற்குச் சுருக்கக் குறி: 'இ.வா.', 'திருச்சி', 'வி.பா.'. அனைத்தும் வானொலி அறிவிப்பாளர் சொல்லச் சொல்லக் காதால் வாங்கி எழுதியவை. முதற்பக்கங்களில் ஐந்து பத்தியும் நிரம்பியிருக்கின்றன. போகப்போக நான்காவது பத்தி, அதாவது கவிஞர் பத்தி, ஆங்காங்கே வெறுமையாகிறது. கடைசிப் பக்கங்களில் அது வெறும் கோடுகளுக்கு இடையேயுள்ள தாளாக மட்டுமே இருக்கிறது.

வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பும் முறை எவ்வாறு மாறி வந்தது என்பதை இந்த நான்காவது பத்தியைக் கொண்டே எழுதிவிடலாம் என்று அப்போது தோன்றிற்று. அம்முயற்சியே இக்கட்டுரை.

ஊரும் அலையும்

பெண்ணாடத்துக்கெனத் தனியே ஒரு வானொலி நிலையம் அமைந்ததில்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வெள்ளாற்றை ஒட்டி, விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையே சென்னை–திருச்சி இருப்புப்பாதையில் உள்ளது நம்மூர். நேர்கோட்டில் அளந்தால் திருச்சியும் புதுவையும் ஏறத்தாழ ஒரே தொலைவு. இரு பக்கமும் 90 கிலோமீட்டர் அளவில் வரும். சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். கொழும்போ ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஆயினும் 1960-களிலும் 70-களிலும் இவ்வூரில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களிடம் "உங்கள் நிலையம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் கொழும்பைத்தான் சொல்வார்கள்.

இதற்கு அறிவியற் காரணம் ஒன்று உண்டு. மத்திய அலை பகற்பொழுதில் தரையை ஒட்டியே செல்லும். கதிரவன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு கலைந்துவிடுகிறது. அலை அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் தரையிறங்குகிறது. சிற்றலைக்கு இந்தத் தாவல் பகலிலும் கைகூடும். ஆகவே பகலில் சிற்றலையிலும் இரவில் மத்திய அலையிலுமாகக் கடல் தாண்டிய குரல் நம்மூர்த் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் தேவாரப் பண்ணடைவு நினைவுக்கு வரும். பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பொழுதை வைத்துப் பண்களைப் பிரித்தவர்கள் நம் முன்னோர். பெண்ணாடத்துத் திருத்தூங்கானைமாடக் கோயிலுக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் பழந்தக்கராகப் பண். அஃது இராப்பண் வரிசையில் வருவது. தம் தோளில் சூலமும் இடபமும் பொறிக்க வேண்டி நாவுக்கரசர் இவ்வூரில் பாடிய திருவிருத்தமும் இரவுக்கு உரியதாகவே வகுக்கப்பட்டது. இராப்பாட்டுக்கு வாய்த்த ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். வேடிக்கை இருக்கட்டும். இன்ன பொழுதுக்கு இன்ன பாட்டு என்று வகுப்பதும், பாட்டோடு அதன் பெயர்க்குறிப்பைச் சேர்த்துக் கொடுப்பதும் நம் மரபுக்குப் புதியவை அல்ல. வானொலி அவ்விரண்டையும் தன்னையறியாமலே கையில் எடுத்துக்கொண்டது.

கொழும்பிலிருந்து ஒரு குரல்

இலங்கையில் சோதனை ஒலிபரப்பு 1923 வாக்கில் தொடங்கிற்று. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு அதனை நடத்தினார். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16-இல் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் வீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தியது. போர் முடிந்தபின் அதன் ஆற்றல் மிக்க கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. தீவுக்குத் தேவையானதைவிடப் பெரிய குரல் ஒன்று தீவுக்கு வாய்த்துவிட்டது. அந்தக் குரலுக்கு வேலை கொடுத்தது 1950-இல் தொடங்கிய வர்த்தகச் சேவை.

அரசு நிலையமாயினும் விளம்பரத்தால் பிழைக்க வேண்டிய சேவை அது. விளம்பரதாரர் ஒருவர் கால் மணி அல்லது அரை மணி நேரத்தை வாங்குவார். அந்த நேரத்துக்குள் திரைப்பாடல்கள் ஒலிக்கும். 1952 இறுதியில் அமீன் சயானி இந்தியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' இவ்வாறு பிறந்ததே. பாடல்களை வாரந்தோறும் தரவரிசைப்படுத்தும் பழக்கத்தை இத்துணைக் கண்டத்துக் காதுகளுக்கு ஊட்டியது அது. தமிழ் வர்த்தகச் சேவையின் முன்னோடிக் குரலாக எஸ்.பி. மயில்வாகனன் நிலைபெற்றார்.

அவர்களுடைய அறிவிப்பு முறை நம் தந்தையார் தலைமுறைக்கு மனப்பாடம். படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியவற்றைச் சொல்லி முடித்த பின்னரே இசைத்தட்டில் ஊசி இறங்கும். நமது நோட்டின் ஐந்து பத்தியும் இந்த அறிவிப்பின் வரிசையை ஒட்டிக் கிழிக்கப்பட்டவையே.

பெயரைச் சொல்லலாமா?

இதே காலத்தில் இந்தியாவில் நடந்தது வேறு. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் மரபிசையில் பெருமதிப்பு உடையவர். திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கான நேரம் குறைக்கப்பட்டது. அத்துடன் இன்னொரு நிபந்தனையும் வந்தது: பாடியவர் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொல்லலாகாது, அது விளம்பரமாகிவிடும். திரைப்படத் தயாரிப்பாளர்கள் சினந்து, பாடல்களை ஒலிபரப்பும் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில ஆண்டுகள் அரசு வானொலியில் திரைப்பாடல் ஏறத்தாழ ஒலிக்காமலே போயிற்று. நேயர்கள் கொழும்பை நாடினார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தடையைப் பற்றியே பேசுவர். நமக்கு முதன்மையாகத் தோன்றுவது, சண்டையின் நடுவில் ஒரு பெயரைச் சொல்வதா கூடாதா என்ற கேள்வி இருந்தது என்பதே. சற்று முன்புதான், 1949-இல் வெளிவந்த 'மகல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இசைத்தட்டில் அச்சாகவில்லை. கதையில் வரும் காமினி என்ற பாத்திரத்தின் பெயரே இருந்தது. பாடியவர் யார் என்ற கேள்வி நேயர்களிடமிருந்து எழுந்த பின்னரே உண்மைப் பெயர் வெளிப்பட்டது. பாட்டுக்கு உரியவர் பெயர் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. யாரேனும் ஒருவர் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.

கொழும்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. படத்தின் பெயரைச் சொல்வது குற்றமன்று. அதுவே அவர்களது வருவாய். படம் பார்க்க ஆள் சேர வேண்டும், இசைத்தட்டு விற்க வேண்டும். ஆகவே வணிகமே அங்கு அடிக்குறிப்பைக் காப்பாற்றிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதே வணிகம் நேர்மாறான வேலை செய்யக் காண்போம்.

இந்திய அரசும் விரைவில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கிற்று. கொழும்புக்குப் போன காதுகளைத் திரும்ப அழைப்பதே அதன் நோக்கம். 1967-இல் அதில் விளம்பரங்களுக்கும் இடம் தரப்பட்டது. சென்னை வர்த்தக ஒலிபரப்பின் 'தேன்கிண்ணம்' தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அறிவிப்பு முறையில் இரு நிலையங்களும் ஒன்றாயின. திருச்சி நிலையம் 1939 முதலே ஒலிபரப்பி வந்தது. புதுவை நிலையம் 1967 செப்டம்பரில் வந்தது. நம் நோட்டில் 'இ.வா.' என்ற குறிக்கு அருகே பிற குறிகள் மிகுந்து வருவது இக்காலத்தில்தான்.

நாளுக்கு ஒரு வடிவம்

1960-களின் பிற்பகுதி முதல் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எய்திய வடிவத்தை அதன் பொற்காலம் என்பர். 1967-இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. 1972-க்குப் பின் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என வழங்கலாயிற்று. ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு நிகழ்ச்சி, அதற்கு ஓர் அழகிய பெயர். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. பிறகு பிறந்தநாள் வாழ்த்து. இரவு 'இரவின் மடியில்'. நேயர்கள் எழுதியனுப்பும் சிறுகதையின் இடையிடையே பாடல்களைக் கோத்துத் தரும் 'இசையும் கதையும்'. ஒருவர் பாடிய பாட்டின் எழுத்தைப் பிடித்து அடுத்தவர் தொடரும் 'பாட்டுக்குப் பாட்டு', பி.எச். அப்துல் ஹமீதின் குரலோடு இணைந்துவிட்ட இந்நிகழ்ச்சி பின்னாளில் தொலைக்காட்சிக்கும் சென்றது. கே.எஸ். ராஜாவின் விரைவுப் பேச்சும், இராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானமும் தனித்தனி இலக்கணங்கள்.

இங்கே பாட்டு ஒருபோதும் தனித்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதை ஒன்றின் நடுவில் வரும். ஒருவருடைய பிறந்தநாளுக்காக வரும். ஒரு சொற்போட்டியின் விடையாக வரும். சங்கப் பாட்டுக்குத் திணையும் துறையும் சொல்வது போல, இப்பாட்டு எந்தச் சூழலில் நிற்கிறது என்று நிகழ்ச்சி சொல்லிவிடும். விருப்பப் பாடல் என்றால் கேட்டவர்களின் பெயரும் ஊரும் நீளமாக வாசிக்கப்படும். திருச்சி நிலையத்து நேயர் விருப்பத்தில் 'பெண்ணாடம்' என்ற சொல் ஒலித்த நாளில், பெயர் வந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் போய் விசாரித்துவிட்டு வருவார்கள். புலவர் பெயரோடு புரவலர் பெயரும் சேர்ந்து நின்ற அடிக்குறிப்பு அது!

நம் உறவினர் ஒருவர் விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் பொம்மை வார்க்கும் வேலை பார்த்தார். சாந்து அச்சில் களிக்குழம்பை ஊற்றி, இறுகும் வரை காத்திருந்து, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்கும் வேலை. பட்டறையின் மூலையில் வெண்தூசி படிந்த வானொலிப் பெட்டி காலை முதல் பாடிக்கொண்டிருக்கும். "கையெல்லாம் சேறு தம்பி, ஸ்டேஷனை மாத்தவா முடியும்? எது வருதோ அதைத்தான் கேக்கணும்" என்பார். நாடகமும் வரும், செய்தியும் வரும், கருநாடக இசையும் வரும். எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்பதை வைத்தே பொழுதை அறிந்தார்கள். பிடிக்காததையும் கேட்டு, சில ஆண்டுகளில் அதுவும் பிடித்துப்போகும் வாய்ப்பு அந்தச் சேற்றுக் கைகளுக்கு இருந்தது.

பொப்பிசை புகுந்தது

இலங்கை வானொலி தமிழகத் திரைப்பாடலை மட்டுமே நம்பி இருக்கவில்லை. 1970-களில் ஈழத்துக் கலைஞர்களின் மெல்லிசைப் பாடல்களுக்கு நிலையம் இடம் கொடுத்தது. அங்குள்ள கவிஞர்கள் எழுதி, அங்குள்ளவர்கள் இசையமைத்துப் பாடியவை. அதே காலத்தில், சிங்களப் பைலாவின் துள்ளலும் மேலைக் கித்தாரும் கலந்த பொப்பிசையும் தமிழில் எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை கடலைத் தாண்டின. 'சிலோன்' மனோகர் என்றே நம்மவர் அவரை அழைத்தனர். பின்னர்த் தமிழ்ப் படங்களிலும் நடித்த அவர் 2018-இல் சென்னையில் மறைந்தார். 'சுராங்கனி'யின் மெட்டு 1977-இல் தமிழ்த் திரைப்படம் ஒன்றிலேயே இடம்பெற்றது. படத்திலிருந்து வானொலிக்குப் பாட்டு போவதே வழக்கம். வானொலியிலிருந்து படத்துக்கு ஒன்று வந்தது.

நம் நோட்டில் இப்பாடல்கள் வரும் இடத்தில் 'படம்' என்ற இரண்டாம் பத்தியில் குறுக்குக்கோடு இருக்கிறது. நான்காம் பத்தியிலோ பெயர் இருக்கிறது. படமில்லாமலும் பாட்டு இருக்கலாம், எழுதியவர் இல்லாமல் இருக்க முடியாது என்று தந்தையாருக்கு அந்தக் கோடு சொல்லியிருக்கும்.

கலைந்த கூடு

1983 சூலைக்குப் பின் இலங்கையில் நிலைமை மாறிற்று. அறிவிப்பாளர் பலர் நாட்டை விட்டுப் புலம்பெயர்ந்தனர். கே.எஸ். ராஜா 1989-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். போர் தின்ற குரல்களின் பட்டியலில் வானொலிக் குரலும் ஒன்று. சேவை நின்றுவிடவில்லை; இன்று 'தென்றல்' என்ற பெயரில் தொடர்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் காதைக் கட்டிப்போட்ட வலிமை அதற்குத் திரும்பவில்லை.

இங்கும் மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். 1980-களில் ஒலிநாடா பரவிற்று. பெண்ணாடம் கடைத்தெருவிலும் விருப்பப் பாடல்களைப் பதிந்து தரும் கடைகள் தோன்றின. வெற்று நாடாவையும் துண்டுத்தாளில் எழுதிய பாடல் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் பாட்டின் முதற்சொல்லும் படத்தின் பெயரும் மட்டும் போதும். நம் பள்ளிப் பருவம் இது. நோட்டின் நான்காம் பத்தி வெறுமையாகத் தொடங்குவதும் இங்கேதான். தந்தையார் அப்போது வானொலியில் கேட்டு எழுதுவதைக் குறைத்து, நாடாவில் கேட்டு எழுதத் தொடங்கியிருந்தார். நாடாவுக்கு அறிவிப்பாளர் இல்லை.

பட்டியலின் ஆட்சி

இந்தியாவின் முதற்பண்பலை ஒலிபரப்பு சென்னையில்தான், 1977 சூலை 23-இல் தொடங்கிற்று. அலைக்கற்றை பொதுச்சொத்து, அஃது அரசின் தனியுரிமை அன்று என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 1999-இல் தனியாருக்குக் கதவு திறந்தது. கொழும்பில் சூரியன், சக்தி ஆகிய தனியார் தமிழ்ப் பண்பலைகள் 1998-இலேயே வந்துவிட்டன. இங்கே 2003-இல் சென்னையில் சூரியனும் மிர்ச்சியும் ஒலித்தன. தொடக்கத்தில் நிலையங்கள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் நிலையான உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. 2005-இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை அதை மாற்றி, வருவாயில் 4 விழுக்காடு என்றாக்கிற்று. அதன்பின்னரே திருச்சி, புதுவை போன்ற ஊர்களிலும் தனியார் நிலையங்கள் தோன்றின.

பண்பலை நேர்கோட்டில் செல்வது, இரவில் தாவாது. பெண்ணாடம் இரண்டு நிலையங்களின் எல்லையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் செவிக்கருவியின் கம்பியே அலைவாங்கி. 93.5-இல் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் கிழக்கே நடந்தால் புதுவை, மேற்கே திரும்பினால் திருச்சி, இரண்டும் ஒரே நிறுவனத்தின் நிலையங்கள். சில நேரம் ஒரு நிலையத்தின் பாட்டுக்கு இன்னொரு நிலையம் சரணம் பாடிற்று!

இந்நிலையங்கள் கைக்கொண்ட முறை அமெரிக்காவில் முதிர்ந்தது. 1950-களில் ஒமாகா நகரில் வானொலி நடத்திய டாட் ஸ்டோர்ஸ் என்பவர், உணவகத்தில் காசு போட்டால் பாடும் பெட்டியில் வாடிக்கையாளரும் பணியாளரும் ஒரே பாட்டைத் திரும்பத்திரும்ப ஒலிக்கவிட்டதைக் கண்டு, சில பாடல்களையே சுழற்சியில் விடும் முறையை அமைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும் முறை நிலைத்துவிட்டது. ஒரு மணி நேரத்தைக் கடிகார வட்டமாக வரைந்து, இந்த நிமிடத்தில் புதுப்பாட்டு, இந்த நிமிடத்தில் பத்தாண்டு முந்தையது, இங்கே விளம்பரம், இங்கே பேச்சு என்று பிரிப்பார்கள். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கொரு முறை வரவேண்டும் என்பதைக் கணினி கணக்கிடும். எந்தப் பாட்டு வேண்டும் என்பதை அறிய, பாட்டின் சில நொடித் துணுக்கை ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்கும் முறையும் வந்தது. அஞ்சலட்டை இருந்த இடத்தில் மதிப்பெண்.

சொந்தமாகச் செய்தி தர இந்நிலையங்களுக்கு இசைவில்லை. 2011-க்குப் பின்னரும் அரசு வானொலியின் செய்தியை அப்படியே தரலாம் என்ற அளவே. நாடகம் செலவு மிக்கது. எஞ்சிய சரக்கு பாட்டு மட்டுமே. அந்தச் சரக்கையும் எல்லா நிலையங்களும் ஒரே கடையில் வாங்கின.

கணக்குப் பார்த்தால்

அறிவிப்பு எங்கே போயிற்று? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 10 பாடல்கள் என்க. ஒவ்வொன்றுக்கும் படம், இசை, கவிஞர், பாடியவர் சொல்ல 15 நொடி. மொத்தம் 150 நொடி. 10 நொடி விளம்பரம் 15 வைக்கலாம். நொடியை விற்றுப் பிழைக்கும் நிலையத்துக்கு இக்கணக்கு தெரியாமல் இருக்குமா? பாட்டின் முன்னிசையின் மீதே பேசிக்கொண்டு வந்து, குரல் தொடங்கும் இடத்தில் விலகிக்கொள்வது தொகுப்பாளரின் திறமை ஆயிற்று. அந்தப் பேச்சில் எதுவும் வரலாம்: மழை, காதல், மட்டைப்பந்து. பெயர் மட்டும் வராது.

கொழும்பு வணிகத்துக்குப் பெயர் சரக்காயிருந்தது, அதனால் சொன்னார்கள். பண்பலை வணிகத்துக்கு நொடி சரக்கு, அதனால் விட்டார்கள். வணிகத்தை மட்டும் பழித்துப் பயனில்லை. எதை விற்கிறது என்பதைப் பொறுத்தே அது ஒன்றைக் காப்பதும் கைவிடுவதும்.

பழைய முறை குறையற்றது என்று சொல்லவும் நாம் வரவில்லை. அந்த அறிவிப்பில் குழலும் வயலினும் வாசித்தவர்களுக்கு இடமிருந்ததில்லை. நாட்டுப்புறப் பாட்டு கிராமிய நிகழ்ச்சி என்ற சிறு கூண்டுக்குள் அடைபட்டிருந்தது. கேட்டவரின் பெயரை நிலையத்தார் வாசித்தார்கள். கேட்டவரின் குரல் ஒலிக்கவில்லை. பண்பலையில் திட்டக்குடிப் பெண் ஒருத்தி தொலைபேசியில் தன் பேச்சுமொழியிலேயே சிரித்துப் பேச முடிகிறது. அதைச் சிறிய மாற்றம் என்று நாம் கருதவில்லை. பெயர் போன இடத்தில் குரல் வந்தது. இரண்டும் இருந்திருக்கலாமே என்பதே நம் குறை.

பெயர் என்பது பெருமைக்கு மட்டுமன்று, சோற்றுக்கும் உரியது. திரைப்பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-இல் உச்சநீதிமன்றம் கூறியது முதல், எழுதியவர் ஒருமுறை ஊதியம் பெற்றதோடு விலகவேண்டியிருந்தது. 2010 ஆகஸ்டில், பண்பலை நிலையங்கள் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காட்டை இசை நிறுவனங்களுக்கு உரிமத்தொகையாகத் தரவேண்டும் என்று பதிப்புரிமை வாரியம் வகுத்தது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அதை எழுதிக்கொடுத்தாலும் இழக்க முடியாது என்றாயிற்று. இந்தப் பங்கு உரியவரைச் சேரவேண்டுமானால், ஒலித்த பாட்டு யாருடையது என்று யாரேனும் குறித்து வைத்திருக்க வேண்டும். அடிக்குறிப்புக்கு வந்துவிட்டோம்!

பெயரில்லாத பெண்

மாணவருக்குச் சொன்ன விடையை இங்கும் எழுதிவிடுகிறோம். சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் தொலைந்துபோயிற்று. தொகுத்தவர்கள் அவர்களுடைய பாட்டில் உள்ள தொடரையே எடுத்துப் பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயர் தெரியாவிட்டாலும் எழுதியவர் ஒருவர் உண்டு என்ற உணர்வை அவர்கள் விடவில்லை. உ.வே.சா. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பாட்டோடு அக்குறிப்புகளையும் சேர்த்தே காப்பாற்றித் தந்தார். அவை இல்லையேல், பாடிய புலவரையும் பாடப்பட்ட மன்னரையும் கொண்டு நாம் எழுதும் சங்க கால வரலாற்றில் பெரும்பகுதி இல்லை.

நம் பக்கத்து ஊரிலிருந்தே இன்னொரு செய்தி. சிதம்பரத்தில் தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது பாட்டு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை என்கிறது திருமுறை கண்ட புராணம். எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியே பண்முறையை வகுத்துத் தந்தாளாம். அவ்வூர் விருத்தாசலத்துக்குத் தெற்கே உள்ள இன்றைய இராசேந்திரப்பட்டினம். ஏடு தேடிய மன்னன் பெயர் தெரியும், தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் பெயர் தெரியும். தேவாரத்துக்குப் பண் தந்த அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. ஓர் அடிக்குறிப்பு விடுபட்டதன் விலை இது.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்தோம். ஒரு வாரத்தில் கேட்கும் பத்துப் பாடல்களை ஐந்து பத்தியில் எழுதிவர வேண்டும். கைப்பேசியில் பாட்டுச் செயலியைத் திறந்தால் பாடியவர் பெயர் முகப்பிலேயே இருக்கிறது. எழுதியவர் பெயரைக் காண உள்ளே சென்று தேடவேண்டியிருக்கிறது, சில பாடல்களுக்குத் தேடியும் இல்லை என்று குறைப்பட்டார்கள். மாணவி ஒருவர் மட்டும் பழைய பாடல்களாகத் தேர்ந்து நான்காம் பத்தியை முழுதும் நிரப்பி வந்தார். எங்கே தேடினீர் என்று கேட்டோம். "பாட்டிகிட்ட கேட்டேன் ஐயா. ரேடியோல சொல்லுவாங்களாம்" என்றார்.

அந்தப் பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் கோடு கிழித்த பாட்டு நோட்டு ஏதேனும் இருக்கக்கூடும். பழைய தாள் எடுப்பவரின் தராசில் அதை வைத்துவிடாதீர்கள்.